சுற்றுலாக் கடற்கரை ஊரில் ஃபிளாட் வாங்கலாமா? முதல் வரிசை முதல் மூன்றாம் வரிசை வரை ஒரு மதிப்பாய்வு

ஆண்டு முழுக்கக் கூட்டம் குறையாத, ராத்திரி ஒரு மணிக்கும் பாட்டுச் சத்தம் கேட்கும் வெப்பமண்டலக் கடற்கரை ஊர்களில் விற்பனைக்கு வரும் வீடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. நான்கிலிருந்து பத்து மாடி, மொட்டை மாடியில் நீச்சல் குளம், கண்ணாடித் தடுப்பு வைத்த பால்கனி, ஒன்றோ இரண்டோ படுக்கையறை. கூடவே, "நீங்கள் வராத நாட்களில் நாங்களே வாடகைக்கு விட்டுத் தருகிறோம்" என்ற வாக்குறுதி. எந்த நாட்டுக் கடற்கரையாக இருந்தாலும் இதே சரக்குதான். அதைத்தான் இங்கே எடை போடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கடலை ஒட்டிய முதல் வரிசையில் புதுக் கட்டடம் வேண்டாம். கடலிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி, கட்டி ஐந்திலிருந்து பத்து வருடம் ஆகி, அசோசியேஷன் கணக்கு ஒழுங்காக உள்ள கட்டடம் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கட்டுமானம் முடியும் முன்பே பதிவு செய்து வாங்குவதென்றால், பணம் பில்டர் கைக்கு நேரே போகாமல் பாதுகாப்பாக நிற்கும் ஏற்பாடு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

புதுக் கட்டடத்தைவிடப் பழையது மேல் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காரணம் எளிது. கடலோரத்தில் மோசமாகக் கட்டிய கட்டடம் ஐந்தாறு மழைக்காலத்துக்குள் தன் குறைகளில் பாதியையாவது வெளியே காட்டிவிடும். புதுப் பூச்சும் புதுப் பெயின்ட்டும் உள்ள கட்டடத்தில் அவை மறைந்தே கிடக்கும்.

உப்பு செய்யும் வேலை

கடலோர வீட்டைத் தின்பது உப்புக்காற்று. அலை உடையும் இடத்தில் கிளம்பும் நுண்துளிகள் காற்றோடு வந்து சுவரிலும் இரும்பிலும் படிகின்றன. கரையை ஒட்டிய சில நூறு மீட்டரில் இது மிக அதிகம். நடுவில் கட்டடங்களோ மரங்களோ மறைத்தால் வேகமாகக் குறையும். மூன்றாம் வரிசையைச் சிபாரிசு செய்ய முதல் காரணம் இதுதான்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை அதன்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே மெல்ல இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. துருவாக மாறிய இரும்புக்கு முன்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் வேண்டும். உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பிளந்த வழியே இன்னும் உப்பும் ஈரமும் புகும். அதற்குப் பிறகு கெடுவது மிக வேகம்.

எத்தனை வருடத்தில் இது நடக்கும் என்பது கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கிறது (இதைத்தான் 'கவர்' என்பார்கள்), கலவை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ. கவரும் எம்30 வலிமைத் தரக் கலவையும் கேட்கிறது. கடல்நீர்த் துளி நேரடியாகத் தெறிக்கும் இடத்துக்கு 50 மி.மீ., எம்35. வறண்ட ஊருக்குப் போட்ட டிசைனையே கடற்கரையிலும் போட்டு, பால்கனித் தளத்தில் 20 மி.மீ. கவர் விட்டுப் பூசி முடித்தால், வாங்க வருபவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சரியாகக் கழுவாத கடல் மணலையோ உப்புத் தண்ணீரையோ கலவையில் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். குளோரைடு வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை, முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கும்.

ஆகவே ஃபிளாட்டைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் நேரத்தைச் செலவிடாதீர்கள். முதலில் ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு (கட்டடத்தின் அடியில், தூண்களுக்கு நடுவே உள்ள கார் நிறுத்தத்துக்கு) போய்த் தூண்களின் அடியைப் பாருங்கள். பிறகு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், சன்ஷேடு விளிம்பு, உங்கள் பால்கனியில் நின்றால் தலைக்கு மேலே தெரியும் மேல் வீட்டுப் பால்கனியின் அடிப்பக்கம். நோய் முதலில் தலைகாட்டுவது இங்கேதான். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக ஒரு மயிரிழை விரிசல், அதிலிருந்து வழிந்த செம்பழுப்புக் கறை, சுற்றுச் சுவரோடு நிறம் ஒட்டாத சதுரமான ஒட்டுப்பூச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நின்று கவனியுங்கள். சின்னச் சுத்தியலால் அந்த இடத்தையும் அதற்கு ஒரு முழம் தள்ளியும் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் 'டங்' என்று கெட்டியாகப் பேசும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் 'டொப்' என்று பொள்ளலாக ஒலிக்கும். ஒரே ஒரு பால்கனியில் பொள்ளல் இருந்தால் பழுதுபார்க்கலாம். வரிசையாக எல்லா மாடியிலும் ஒலித்தால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்த கட்டம் கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிப்போவது. 'நன்றாக இருக்கிறது' என்று ஒரு பக்கக் கடிதம் வாங்குவதில் பயனில்லை. கவர் மீட்டர் வைத்துக் கம்பியின் ஆழம், துளையிட்டு எடுத்த பொடியில் குளோரைடு அளவு, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனை ஆகிய மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது சோதனையில் செம்பு–செம்பு சல்ஃபேட் மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால், அங்கே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று அமெரிக்கத் தரவிதி ஏ.எஸ்.டி.எம். சி876 சொல்கிறது. வீட்டின் விலையோடு பார்த்தால் இந்தச் சோதனைகளுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அதுவே விடை.

இரும்புச் சாமான்களைப் பொறுத்தவரை ஒரு விதி போதும். வெளியே இருக்கும் ஸ்டீல் 316 தரமாக இருக்க வேண்டும். அதில் 2–3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். கடைகளில் அதிகம் புழங்கும் 304 தரக் கைப்பிடி கடலோரத்தில் சில மாதங்களிலேயே டீக்கறை படிந்ததுபோலப் புள்ளி புள்ளியாகிவிடும். பார்வைக்குக் கெடுவது பரவாயில்லை, பால்கனிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் போல்ட்டும் அதே தரமாக இருந்தால்தான் ஆபத்து. ஏசியின் வெளி யூனிட்டைப் பின்பக்கமாகப் பாருங்கள். வரிசையாக அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகளை விரல் நுனியால் தடவினால் வெள்ளை மாவாக உதிர்கிறதா? அப்படியென்றால் செம்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தை உப்பு ஈரம் அரித்துக்கொண்டிருக்கிறது, அந்த ஏசி அதிக நாள் ஓடாது. அது எந்த வருடம் பொருத்தியது என்று கேட்டுக்கொண்டால், அந்த வரிசையில் உப்பின் வேகம் என்ன என்பதும் தெரிந்துவிடும்.

அசோசியேஷன் கணக்கு

கட்டடத்துக்குச் சமமாக ஆராய வேண்டியது இது. பலர் இதைக் கேட்பதே இல்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மயாமியை அடுத்த சர்ஃப்சைடில், 1981இல் கட்டிய சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கடற்கரைக் குடியிருப்பு 2021 ஜூன் 24 அதிகாலையில் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளத்தின் நீர்க்காப்பு வீணாகி, அடியிலுள்ள கான்கிரீட்டுக்குப் பெரும் சேதம் ஏற்பட்டிருப்பதாக 2018இலேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்க ஒவ்வொரு உரிமையாளரும் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. அதைப் பற்றிய விவாதம் இழுத்துக்கொண்டே போயிற்று. 2022இல் அந்த மாநிலம் மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளுக்குக் கட்டாயக் கட்டமைப்பு ஆய்வையும், பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி மதிப்பீட்டையும் சட்டமாக்கியது.

சுற்றுலா ஊர்க் கட்டடங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. உரிமையாளர்களில் பெரும்பாலோர் வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்பார்கள். பொதுக்குழு நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் (கோரம்) சேரமாட்டார்கள். மாதக் கட்டணத்தை ஏற்றினால் வாடகை வருமானம் குறையும் என்பதால் யாரும் ஏற்ற ஒப்பமாட்டார்கள். நீர்க்காப்பு, லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார் என எல்லாம் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போகும். கடைசியில் ஒரே நாளில் எல்லார் தலையிலும் தனிச் சிறப்புக் கட்டணம் விழும். நீங்கள் வாங்கி ஆறே மாதம் ஆகியிருந்தாலும் அது உங்களுடையதுதான்.

முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டியவை: கடந்த மூன்று வருட வரவுசெலவுக் கணக்கு, கூட்டக் குறிப்பேடு, கார்பஸ் ஃபண்டில் (பெரிய செலவுகளுக்கான பொதுச் சேமிப்பில்) இன்றைய இருப்பு, கட்டண பாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை வீடு, பொதுக் கட்டட இன்சூரன்ஸ் பாலிசியின் நகல். குறிப்பேட்டை நிதானமாகப் படியுங்கள். 'நீர்க்கசிவு' என்ற சொல் கூட்டத்துக்குக் கூட்டம் திரும்பத் திரும்ப வந்தும் டெண்டர் என்ற சொல் வரவில்லையென்றால் பிரச்சினை அங்கேயே கிடக்கிறது. பாலிசியில் புயல் சேதத்துக்குத் தனிக் கழிவுத் தொகை (இழப்பில் நம் கையிலிருந்தே போட வேண்டிய பங்கு) உண்டா, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகளில் வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். அசோசியேஷனே இன்னும் உருவாகாமல் பில்டரின் நிர்வாகத்திலேயே நடக்கும் கட்டடம் என்றால், அதை எந்தத் தேதியில் ஒப்படைப்பார் என்பது எழுத்தில் வேண்டும்.

தண்ணீர், சாக்கடை, மின்சாரம்

கடலோரத்தில் நல்ல நிலத்தடி நீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதையே திருப்பிப் போட்டால், மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் உப்புநீர் 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். சீசனில் எல்லா ஹோட்டலும் ஒரே நேரத்தில் உறிஞ்சும்போது நடப்பது இதுதான். எனவே மழைக்காலத்தில் போர்வெல் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். வறட்சியின் கடைசி மாதத்தில், கூட்டம் நிறைந்த வாரத்தில், தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்து அளங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 2000ஐத் தாண்டினால் குழாய், கீசர், துவைக்கும் இயந்திரம் எல்லாமே சீக்கிரம் போகும். லாரித் தண்ணீர் வாங்கும் கட்டடமா என்பது அசோசியேஷன் கணக்கிலேயே தெரியும்.

நிலத்தடி நீர் மேலாக உள்ள மண்ணில் செப்டிக் டேங்க் வேலை செய்யாது. மழையில் கழிவு கீழே இறங்காமல் மேலே வரும். பொதுச் சாக்கடை இணைப்பு உண்டா, சுத்திகரிப்பு நிலையம் உண்டென்றால் நிஜமாகவே ஓடுகிறதா என்று பாருங்கள். அதன் மின்கட்டணம் தனியாக வருகிறதா என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

தரைக்குக் கீழே, பேஸ்மென்ட்டில் கார் நிறுத்தம் உள்ள கட்டடத்தை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அங்கே மின்சாரப் பலகையும் ஜெனரேட்டரும் இருந்தால் வேண்டவே வேண்டாம். புயலில் கடல்நீர் ஒருமுறை ஊருக்குள் ஏறினால் போதும், வாரக்கணக்கில் லிஃப்ட்டும் தண்ணீரும் இல்லாமல் போகும்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் மெத்தையும் பிளைவுட் அலமாரியின் பின்பக்கமும்தான் முதலில் போகும். அலமாரிக் கதவு சல்லடைத் தட்டியாக இருந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரின் வடிகுழாய் நேரே சிங்க்கில் இறங்கினால் பெருமளவு தப்பிக்கலாம்.

நிலமும் உரிமையும்

கேரளத்தில் மரடு என்ற இடத்தில் காயலோரம் கட்டிய நான்கு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உள்ளூர் அமைப்பு அனுமதி கொடுத்திருந்தது, ஆனால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிக்கு அது பொருந்தவில்லை. உள்ளூர் அனுமதி மட்டும் கையில் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. பல நாடுகளில் கடற்கரைக்கென்று தனிச் சட்டம் உண்டு. கட்டடத்தின் சர்வே எண்ணை அந்தக் கடலோர வரைபடத்தில் வைத்துப் பார்த்த வழக்கறிஞரின் கருத்து எழுத்தில் வேண்டும். அந்த வழக்கறிஞர் பில்டர் காட்டியவராக இருக்கக் கூடாது.

வெளிநாட்டில் வாங்குவதென்றால் 'உரிமை' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதே மாறும். மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கி.மீ.க்குள் வெளிநாட்டவர் குடியிருப்பு நிலத்தை நேரடியாகத் தன் பெயரில் வைக்க முடியாது. வங்கி அறக்கட்டளை வழியாக, 50 வருடத்துக்கு, புதுப்பிக்கும் உரிமையோடு வைத்துக்கொள்ளலாம். தாய்லாந்தில் ஒரு காண்டோ கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம், அந்த ஒதுக்கீட்டில் மீதி இருக்கிறதா என்ற சான்று வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கோஸ்ட்டா ரிகாவில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் கடல்சார் மண்டலம். முதல் 50 மீட்டர் பொதுநிலம், அடுத்த 150 மீட்டர் நகராட்சி தரும் சலுகை உரிமை, முழுச் சொந்தம் ஆகாது. இந்தோனேசியாவில் முழு நில உரிமை குடிமக்களுக்கு மட்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஒப்பந்தம் சட்டத்தின் முன் நிற்காது, நிலமும் அவருடையதாகவே இருக்கும்.

கடற்கரையே நகரும் என்பதும் கணக்கில் வர வேண்டும். துறைமுகத் தடுப்புச் சுவர் வந்தால் மணல் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் அரித்துப்போகும். 1980களின் இறுதியில் துறைமுகம் கட்டிய பிறகு புதுச்சேரி இழந்த மணற்பரப்பு எல்லாரும் அறிந்தது. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் திறந்து, கட்டடத்தின் மூலையிலிருந்து ஈர மணல் கோடு வரை அளவுகோலை வைத்து, வருடத்துக்கு ஒன்றாக, ஒரே பருவத்துப் படங்களை ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. கோடு ஒரே திசையில் நெருங்கிக்கொண்டே வந்திருந்தால் அந்த வரிசையை விட்டு உள்ளே போங்கள்.

வாடகை வருமானம்

பில்டரின் தாளில் உள்ள வருமானம் பெரும்பாலும் மொத்த வருமானம், அதுவும் சீசன் கட்டணத்தில் போட்டது. கையில் வருவதைக் கணக்கிட இப்படிப் போட்டுப் பாருங்கள். 365 இரவும் நிரம்பினால் வருவதை 100 என்று வைத்துக்கொள்வோம். பாதி இரவுகள் நிரம்பினால் 50. நிர்வாகிக்கு நான்கில் ஒரு பங்கு போனால் 12.5 கழியும். அசோசியேஷன் கட்டணம் 8, மின்சாரமும் தண்ணீரும் 5, பழுதும் சாமான் மாற்றமும் 5, வரியும் இன்சூரன்ஸும் 4 என்று வைத்தால் மிஞ்சுவது 15.5. எண்கள் ஊருக்கு ஊர் மாறும், கழிக்க வேண்டிய வரிசை மாறாது. அதே கட்டடத்தில் ஏற்கெனவே வாடகைக்கு விடும் ஒருவரின் பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கைப் பார்க்க முடிந்தால் பில்டரின் தாள் தேவையே இல்லை.

'மூன்று வருடம் உறுதி வாடகை' என்றால் பெரும்பாலும் அந்தத் தொகை விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். அதே அளவு வீடு பக்கத்துக் கட்டடத்தில் என்ன விலைக்கு மறுவிற்பனையாகிறது என்று ஒப்பிட்டால் புரியும். நாள் வாடகைக்கு அசோசியேஷன் விதியும் உள்ளாட்சி உரிமமும் இடம் தருகின்றனவா என்பதைத் தனித்தனியே உறுதி செய்யுங்கள்.

சத்தத்தை வெள்ளி, சனி இரவு பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை படுக்கையறையில் இருந்து கேட்டால்தான் தெரியும். பேச்சுச் சத்தத்தை நல்ல கண்ணாடி தடுத்துவிடும். பாரிலிருந்து வரும் 'தும் தும்' என்ற தாழ் ஒலியைத் தடுக்காது, அது சுவர் வழியாகவே வரும். வாடகைக்கு மட்டும் என்றால் விருந்தினர்கள் மதிப்பீட்டுப் புள்ளிகளைக் குறைப்பார்கள். நீங்களே தங்குவதாக இருந்தால் தூக்கம் போகும். பக்கத்துக் காலி மனையில் எத்தனை மாடி எழுப்பலாம் என்பதையும் அன்றே விசாரியுங்கள்.

முன்பதிவில் வாங்கியே ஆக வேண்டுமென்றால்

தவணைகள் தேதிப்படி இல்லாமல் கட்டுமான நிலைப்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையையும் பில்டரைச் சாராத பொறியாளர் சான்று கொடுத்த பிறகே பணம் நகர வேண்டும். விலை எந்தப் பரப்புக்கு என்பதைக் கார்பெட் ஏரியாவில் (சுவர்களுக்கு உள்ளே பயன்படும் தரைப்பரப்பில்) எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தின் இணைப்பில் கம்பிக் கவர், கலவையின் தரம், வெளி ஸ்டீல் 316, ஜன்னல் சட்டத்தின் வகை, ஏசி யூனிட்டின் காப்புப் பூச்சு எல்லாம் பெயர் சொல்லி வர வேண்டும். 'உயர்தரம்' என்ற சொல்லை வைத்து நீதிமன்றத்தில் ஒன்றும் கேட்க முடியாது.

சாவி வாங்கும் நாளைக் கன மழைக்கு மறுநாளாகப் பார்த்து வையுங்கள். ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகள், பால்கனிக் கதவின் படி, குளியலறைக்கு வெளிப்பக்கச் சுவரின் அடி ஆகிய மூன்று இடங்களில் ஓதம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். பால்கனியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது வடிகாலுக்கு ஓடுகிறதா, கதவுப் பக்கம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். கட்டடத்தில் குடியேறலாம் என்ற அதிகாரபூர்வச் சான்று வராமல் கடைசித் தவணையை விடாதீர்கள். குறைப் பட்டியலில் இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு, சரிசெய்யும் தேதியையும் எழுதி, அதுவரை ஐந்து சதவீதம் நிறுத்திவைக்கலாம் என்ற ஷரத்தை ஒப்பந்தம் போடும்போதே சேர்த்துவிட வேண்டும். சாவி கைக்கு வந்த பிறகு கேட்டால் எந்த பில்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.